'ஊருக்குப் போய் அடக்கமா இருங்க!'

உங்க பேருக்கு ஒரு லெட்டர் வந்திருக்குன்னு வச்சுக்குங்க. அரியர் நோட்டீஸ் இல்லை. ஃபீஸ் கட்டச் சொல்லி காலேஜ் அனுப்பினதும் இல்லை. பிரிட்டன் உள்துறை அமைச்சகத்துல இருந்து வந்த லெட்டர். பக்கம் பக்கமா இருக்கு. ஒவ்வொரு பாராவுக்கும் நம்பர் போட்டிருக்கு. எந்த வயசுல என்ன உணர்ந்தீங்க, யாரோட பழகினீங்க, வீட்டுக்கு எப்படித் தெரிஞ்சது, யார் அடிச்சாங்க... இன்டர்வியூல நீங்க தொண்டை அடைக்கச் சொன்ன அத்தனையும் அதுல இருக்கு. ஒவ்வொண்ணுக்குக் கீழேயும் 'இதை ஏற்க இயலாது'ன்னு ஒரு வரி. கடைசியில முடிவு: உங்க புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீடு செய்ய 14 நாள் டைம்.

நம்ம ஸ்டடி லீவே சில சமயம் அதைவிட ஜாஸ்தி!

போர், குண்டு, அரசியல்னு எதையும் சொல்லி நீங்க அந்தப் புகலிடத்தைக் கேட்கலை. 'நான் ஒரு கே. எங்க ஊர்ல அது தெரிஞ்சா உயிரோட விட மாட்டாங்க'ன்னு சொல்லிக் கேட்டீங்க. வீட்ல சொல்லலை, ஃப்ரெண்டுகிட்ட சொல்லலை. வாழ்க்கையிலேயே முதல் தடவையா அதை வாய் விட்டுச் சொன்னது, டேபிளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து டைப் அடிச்சிக்கிட்டு இருந்த ஒரு ஆபீஸர்கிட்ட. அவர் நம்பலை. அல்லது நம்பினார், ஆனாலும் போகச் சொல்லிட்டார்.

இந்த 'அல்லது' முக்கியம். இந்தக் கட்டுரையே அதைப் பத்தித்தான்.

'அகதி'ன்னு சொன்னா தமிழ்நாட்டுல நமக்கு மண்டபம் முகாம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா 1951-ல் வந்த ஐ.நா. அகதிகள் உடன்படிக்கை, போருக்குப் பயந்து ஓடினாலே ஒருத்தர் அகதின்னு சொல்லலை. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, 'குறிப்பிட்ட சமூகக் குழு' ஒன்றில் உறுப்பினராக இருத்தல்னு அஞ்சு காரணம் சொல்லுது. இதுல ஒண்ணுக்காக உங்களைத் துன்புறுத்துவாங்க, உங்க அரசாங்கம் காப்பாத்தாதுன்னா நீங்க அகதி. அஞ்சுலயும் கே, லெஸ்பியன்னு ஒரு வார்த்தை கிடையாது. 1951-ல் யார் எழுதுவாங்க? பிரிட்டன்லயே அது அப்போ ஜெயில் குற்றம்!

அந்த அஞ்சாவது காரணம் ஒரு ஜோல்னாப் பை மாதிரி. என்ன வேணா போடலாம்னு தோணும், ஆனா போட விட மாட்டாங்க. அமெரிக்காவுல 1990-ல் கியூபாக்காரர் ஒருத்தர் கேஸ்லதான் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் தன்பாலீர்ப்பாளர்களையும் ஒரு சமூகக் குழுவா ஏத்துக்கிச்சு. பிரிட்டன்ல 1999-ல் பாகிஸ்தானியப் பெண்கள் ரெண்டு பேர் கேஸ்ல பிரபுக்கள் சபை அந்தப் பையோட வாயைக் கொஞ்சம் அகலமாக்குச்சு. அப்புறம் எல்லாம் சரியாயிருக்கணும், இல்லையா? ஆகலை.

லெட்டர்ல வர்ற 'நோ' ரெண்டு வகை. ஒண்ணு, 'நீங்க கே-ன்னு நாங்க நம்பலை.' இன்னொண்ணு இன்னும் விசித்திரம். 'நீங்க கே-தான், ஒத்துக்கறோம். உங்க நாட்டுல அது ஆபத்துதான், அதையும் ஒத்துக்கறோம். ஆனா நீங்க ஊருக்குத் திரும்பிப் போய் வெளியில தெரியாம அடக்கமா இருந்தா ஒண்ணும் ஆகாதே?'

சிரிக்காதீங்க. பல வருஷம் இதுதான் சட்டமா இருந்துச்சு.

மாடியில ஒளிஞ்சா பிரச்னை இல்லையே!

முதல் அடி விழுந்தது ஆஸ்திரேலியாவுல. பங்களாதேஷ்ல இருந்து வந்த ரெண்டு ஆண்கள், ஜோடி. 'ஊர்ல சத்தமில்லாமத்தான் வாழ்ந்தாங்க, இனியும் அப்படியே வாழ்ந்துக்கலாம்'னு சொல்லி அங்க இருந்த அகதிகள் தீர்ப்பாயம் கேஸைத் தள்ளிடுச்சு. உயர் நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. அதுதான் அந்த நாட்டுல உச்சபட்சம். 2003 டிசம்பர்ல தீர்ப்பு: நாலு நீதிபதிகள் அவங்க பக்கம், மூணு பேர் எதிர்ப்பக்கம். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். நாலு பேர் சொன்னதோட சாரம் இது: 'அவங்க சத்தமில்லாம வாழ்ந்தாங்கன்னு சொல்றீங்களே, ஏன் அப்படி வாழ்ந்தாங்கன்னு கேட்டீங்களா?'

அந்த 'ஏன்' லண்டன் போய்ச் சேர இன்னும் ஏழு வருஷம் ஆச்சு.

அங்க ரெண்டு பேர். நிஜப் பேர் வெளியில வராது. இந்த மாதிரி கேஸ்ல கோர்ட்டே இனிஷியல்தான் போடும். ஹெச்.ஜே. ஈரான்காரர். ஹெச்.டி. கேமரூன்காரர். ஹெச்.ஜே. 2001 டிசம்பர்ல பிரிட்டன் வந்து புகலிடம் கேட்டவர். ஈரான்ல இதுக்குச் சட்டப்படி மரண தண்டனை வரைக்கும் உண்டு. ஹெச்.டி. தன் வீட்டுத் தோட்டத்துல பார்ட்னருக்கு முத்தம் கொடுத்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துட்டார். ஒரு கும்பல் அடிச்சுது. காப்பாத்த வேண்டிய போலீஸும் அடிச்சுது. ஆஸ்பத்திரியில கிடந்தார். ரெண்டு பேருக்கும் கீழ் கோர்ட்டுகள் சொன்ன பதில் ஏறக்குறைய ஒண்ணுதான். 'மறைச்சு வாழறது உங்களுக்கு ஓரளவு தாங்கிக்கக் கூடியதுதானே? போயிட்டு வாங்க.' இவருக்கு வேற ஊருக்கு மாறிப் போனா யாருக்கும் தெரியாதுன்னு கூடுதல் அட்வைஸ்!

2010 ஜூலை 7. பிரிட்டன் உச்ச நீதிமன்றத்துல அஞ்சு நீதிபதிகளும் ஒரே குரல்ல அந்த 'தாங்கிக்கக் கூடியதுதானே' டெஸ்ட்டைத் தூக்கிக் குப்பையில போட்டாங்க. நீதிபதி காலின்ஸ் ஆன் ஃபிராங்க்கை உதாரணம் காட்டினார். ஆம்ஸ்டர்டாம் வீட்டு மாடி அறையில நாஜிகளுக்குப் பயந்து ஒளிஞ்சிருந்த அந்தப் பொண்ணு தப்பிச்சு லண்டன் வந்திருந்தா? 'மாடியிலயே ஒளிஞ்சிருந்தா உன்னை யாரும் பிடிக்க மாட்டாங்களே, திரும்பிப் போ'ன்னு சொல்லியிருப்போமா? அரசுத் தரப்பு வாதத்தை நூல் பிடிச்சுப் போனா அங்கதான் போய் நிக்கும்.

நீதிபதி ராட்ஜர் வேற ரூட்ல போனார். மத்த ஆம்பிளைங்க ரக்பி ஆடி, பீர் குடிச்சு, பொண்ணுங்களைப் பத்திப் பேச எவ்வளவு சுதந்திரம் இருக்கோ, அதே அளவு கே ஆண்களுக்கு கைலி மினோக் கச்சேரிக்குப் போகவும் கலர் கலரா காக்டெயில் குடிக்கவும் இருக்கணும்னு எழுதினார். நல்ல மனசுதான். ஆனா எல்லா கே-யும் கைலி மினோக் கேட்பாங்களா சார்? எங்க க்ளாஸ்ல கேட்டா பாதிப் பேர் இளையராஜாங்கறாங்க. உதாரணம் கொஞ்சம் இடறினாலும், அதே தீர்ப்புல அவர் வரிசைப்படுத்தின கேள்விகள்தான் அப்புறம் ஒவ்வொரு மேல்முறையீட்டுக்கும் முதுகெலும்பு ஆச்சு.

முதல்ல, இவர் கே-தானா? (அல்லது ஊர் அப்படி நினைக்குமா?) ரெண்டாவது, அந்த நாட்டுல வெளிப்படையா வாழற கே-க்களுக்கு ஆபத்து இருக்கா? மூணாவது, இவர் திரும்பிப் போனா எப்படி வாழ்வார்? வெளிப்படையான்னா, அவர் அகதி. மறைச்சுன்னா, ஏன் மறைக்கிறார்? துன்புறுத்தலுக்குப் பயந்து மறைக்கிறதும் ஒரு முக்கியக் காரணம்னா, அவர் அகதி. வெறும் வெட்கம், வீட்ல சங்கடம், அதனால மட்டும் மறைக்கிறார்னா, அகதி இல்லை.

இந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க. நம்ம ஊர்ப் பசங்க விழற குழி அதுதான்.

'ஊருக்குப் போனா ஏன் மறைப்பே?'ன்னு கேட்டா நம்மள்ல எத்தனை பேர் வாயில முதல்ல என்ன வரும்? 'அம்மா தாங்க மாட்டாங்க.' அவ்வளவுதான். நூத்துக்குத் தொண்ணூறு பேர் அப்படித்தான் ஆரம்பிப்போம். அது பொய்யும் இல்லை. ஆனா ஆபீஸர் அதை டைப் அடிச்சிக்குவார். 'குடும்பத்துக்கு வருத்தம் தரக் கூடாது என்பதற்காக மறைப்பார்.' முடிஞ்சுது. லெட்டர்ல அது உங்களுக்கு எதிரா வந்து நிக்கும். அம்மாவோட அழுகைக்குப் பின்னாடி அண்ணனோட பெல்ட் இருந்திருக்கலாம். மாமா ஸ்டேஷன்ல சொல்லி வச்சிருக்கலாம். அவசர அவசரமா ஒரு பொண்ணு பார்த்து நாள் குறிச்சிருக்கலாம். அதையெல்லாம் நாம் 'குடும்ப மேட்டர்'னு சொல்லாம விட்டுடுவோம். நம்மளை வளர்த்த விதம் அப்படி. வீட்டு விஷயத்தை வெளியில சொல்லக் கூடாது! மேல்முறையீட்டுல ஒரு நல்ல வக்கீல் செய்யற முதல் வேலையே அந்த ஒரு வாக்கியத்தைப் பிரிச்சு, அதுக்குள்ள இருக்கிற பயத்தை வெளியில எடுக்கிறதுதான்.

நடை சரியில்லை... ரொம்ப சரியாயிருக்கு!

2010-க்கு அப்புறம் 'போய் அடக்கமா இரு'ன்னு சொல்ற கதவு சாத்தியாச்சு. அதுக்குப் பதிலா இன்னொரு கதவுல கூட்டம் அதிகமாச்சு: 'நீங்க கே-ன்னு நம்பலை.'

எப்படி நிரூபிப்பீங்க? யோசிச்சுப் பாருங்க. ஆதார் கார்டுல இருக்கா? டிசியில 'அடையாளங்கள்'ங்கற இடத்துல மச்சம் பக்கத்துல எழுதியிருக்கா? உயிர் பிழைக்கிறதுக்காக இருபது வருஷம் ஒரு தடயமும் விடாம வாழ்ந்துட்டு, திடீர்னு 'தடயம் குடு'ன்னு கேட்டா எங்க போறது?

2018 ஆகஸ்ட்ல ஆஸ்திரியாவுல நடந்ததைக் கேளுங்க. ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்த 18 வயசுப் பையன். அவனோட நடை, உடை, நடத்தை எதுவுமே கே மாதிரி இல்லைன்னு அதிகாரி எழுதி நிராகரிச்சார். அது பேப்பர்ல வந்து நாறிச்சு. அதே மாசம் அதே நாட்டுல இன்னொரு கேஸும் வெளியில வந்துச்சு. ஈராக்ல இருந்து வந்த ஒரு இளைஞர். அவர் ரொம்பப் பெண் தன்மையோட நடந்துக்கறார், அதனால நடிக்கிறார்னு நிராகரிப்பு! ஒருத்தர் போதலை, இன்னொருத்தர் ஓவர். சரியான அளவு எதுன்னு யார்கிட்ட கேட்கிறது?

பிரிட்டன் நீதிபதி ஒருத்தரும் இதுல சளைச்சவர் இல்லை. 2019-ல் பேப்பர்ல வந்த ஒரு மேல்முறையீட்டுல, மனு போட்டவர்கிட்ட கே தோரணை தெரியலைன்னு எழுதியிருந்தார். சாட்சிக்கு வந்த ஒருத்தர் லிப்ஸ்டிக் போட்டிருந்தாராம், அவரோட ஒப்பிட்டுப் பார்த்தாராம்.

இதெல்லாம் பரவாயில்லைங்கற அளவுக்கு வேற சிலது நடந்திருக்கு. செக் குடியரசுல ஆண்குறியில கருவி மாட்டி, படம் போட்டுக் காட்டி, ரத்த ஓட்டத்தை அளந்து 'கே-யா இல்லையா'ன்னு பார்த்தாங்க. 2010-ல் ஐரோப்பிய ஒன்றியத்தோட அடிப்படை உரிமை அமைப்பு இதை வெளியில கொண்டு வந்ததும் பெரிய சத்தம் எழுந்துச்சு. ஹங்கேரியில நைஜீரியர் ஒருத்தருக்கு மழையில நிக்கிற மனுஷனை வரையச் சொல்லி, மைக்கறை படத்துல என்ன தெரியுதுன்னு கேட்டு, 'டெஸ்ட்டுல உறுதியாகலை'ன்னு அனுப்பப் பார்த்தாங்க. அவர் விடலை. 2018 ஜனவரியில ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், அந்த மாதிரி மனோதத்துவ டெஸ்ட்டை வச்சு ஒருத்தரோட பாலீர்ப்பை முடிவு பண்ணக் கூடாதுன்னு சொல்லிடுச்சு.

அதே நீதிமன்றம் 2014 டிசம்பர்லயே இன்னும் முக்கியமான ஒண்ணைச் சொல்லியிருந்துச்சு. நெதர்லாந்துல மூணு பேர் கேஸ். அதுல ஒருத்தர் தன் அந்தரங்க வீடியோவையே ஆதாரமாக் கொடுத்திருந்தார். விரக்தியில மனுஷன் எது வரைக்கும் போவான் பாருங்க. கோர்ட் சொன்னது: படுக்கையறை விவரம் கேட்கக் கூடாது. வீடியோ மாதிரி ஆதாரத்தை அவங்களே கொண்டு வந்தாலும் வாங்கக் கூடாது. இன்னிக்கு ஒருத்தர்கிட்ட வாங்கினா நாளைக்கு எல்லார்கிட்டயும் எதிர்பார்ப்பாங்க. முதல் வாய்ப்புலயே சொல்லலைங்கற ஒரே காரணத்துக்காக 'பொய்'னு முடிவு கட்டவும் கூடாது.

அப்போ எதைத்தான் கேட்கிறது?

இதுக்கு ஒரு பதில் கொடுத்தவர் நம்ம ஆள். லண்டன் பாரிஸ்டர் எஸ். செல்வன். இலங்கைத் தமிழ் வேர் உள்ளவர், தான் கே-ன்னு வெளிப்படையாச் சொன்னவர். 2011 வாக்குல அவர் உருவாக்கின முறையில நாலே நாலு சொல்: வித்தியாசம், களங்கம், அவமானம், தீங்கு. யாரோட என்ன செஞ்சேன்னு கேட்காதே. 'மத்தவங்க மாதிரி நான் இல்லை'ன்னு எப்போ தோணுச்சு? அதைச் சுத்தி இருந்தவங்க என்ன பேரு வச்சாங்க? அதைக் கேட்டு உன்னைப் பத்தி நீயே என்ன நினைச்சே? தெரிஞ்சா என்ன நடக்கும்னு பயந்தே? நடிக்கிறவனுக்கு படுக்கையறைக் கதை சொல்றது ஈஸி. எட்டாம் க்ளாஸ்ல பி.டி. பீரியட் ஆரம்பிச்சா வயித்தைக் கலக்குமே, அதைச் சொல்றது கஷ்டம். ஐ.நா. அகதிகள் அமைப்பும் பல நாட்டு வக்கீல்களும் இந்த முறையைக் கையில எடுத்திருக்காங்க.

இதுல ஒரு தமிழ்ச் சிக்கல் இருக்கு. மொழிபெயர்ப்பாளர்!

ஈஸ்ட் ஹாம்லயோ வெம்ப்ளியிலயோ தங்கியிருக்கிற ஒரு யாழ்ப்பாணத்துப் பையனை நினைச்சுக்குங்க. இன்டர்வியூல பக்கத்துல உட்கார்ந்து மொழிபெயர்க்கிறவர் ஒரு தமிழ் அங்கிள். 'தம்பி எந்த ஊர்?'னு கேட்டுத்தான் ஆரம்பிப்பார். வெள்ளிக்கிழமை அதே கோயிலுக்கு வர்றவரா இருக்கலாம். இப்போ அந்தத் தம்பி தமிழ்ல எந்த வார்த்தையைச் சொல்லுவான்? ஊர்ல அவன் கேட்டு வளர்ந்தது எல்லாமே வசவு. அந்த வசவைத் தன்னைச் சுட்டிக்காட்டித் தானே சொல்லணுமா? 'எனக்குப் பெண்கள்ல நாட்டமில்லை'ன்னு முழுங்குவான். அங்கிள் அதை இன்னும் கொஞ்சம் நாகரிகமாக்கி இங்கிலீஷ்ல சொல்லுவார். ஆபீஸர் 'தெளிவற்ற பதில்'னு எழுதுவார். தமிழ்நாடு அரசு 2022-ல்தான் 'தன்பாலீர்ப்பு' மாதிரி கண்ணியமான சொற்களைப் பட்டியல் போட்டு அரசிதழ்ல வெளியிட்டுச்சு, அதுவும் சென்னை உயர் நீதிமன்றம் தட்டிக் கேட்டதால. அந்தப் பட்டியல் யாழ்ப்பாணத்துத் தம்பிக்கு எப்போ போய்ச் சேரும்? மொழிபெயர்ப்பாளரை மாத்தச் சொல்லிக் கேட்கலாம்னுகூட பல பேருக்குத் தெரியாது. மேல்முறையீட்டுல இன்டர்வியூ பதிவை வரிக்கு வரி சரிபார்க்கிறது இதுக்காகத்தான்.

அந்த ஒரு நாள்

மேல்முறையீடுன்னா சினிமா கோர்ட் இல்லை. கூண்டு கிடையாது, ஜூரி கிடையாது. சின்ன ரூம். முதல் நிலைத் தீர்ப்பாயத்துல பெரும்பாலும் ஒரே ஒரு நீதிபதி. எதிர்ப்பக்கம் உள்துறை அமைச்சகத்தோட ஆள். அவர் வேலை உங்க வார்த்தையில ஓட்டை கண்டுபிடிக்கிறது. 'இன்டர்வியூல மார்ச்னு சொன்னீங்க, ஸ்டேட்மென்ட்ல மே-ன்னு இருக்கே?' இந்த ரேஞ்சுல போகும். நீங்க ஏற்கெனவே சொன்னதோட புது ஆதாரமும் வைக்கலாம்: சாட்சிகள், ஃப்ரெண்ட்ஸ் கடிதம், டாக்டர் ரிப்போர்ட், உங்க நாட்டைப் பத்தின அறிக்கைகள். இங்க தோத்தா மேல் தீர்ப்பாயம் உண்டு. ஆனா அங்க கதையை மறுபடி முதல்ல இருந்து கேட்க மாட்டாங்க. கீழே நீதிபதி சட்டத்துல தப்பு பண்ணினாரான்னுதான் பார்ப்பாங்க. அதனால முதல் ரூம்தான் எல்லாம்.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கு. முன்னாடி 'நியாயமான அளவு சாத்தியம் இருக்கு'ன்னு காட்டினாலே போதும். 2022-ல் வந்த சட்டம், அந்த வருஷம் ஜூன் 28-ல இருந்து வர்ற கோரிக்கைகளுக்கு, 'நான் கே, எனக்கு நிஜமாவே பயம்'ங்கற பகுதியை இன்னும் உயரமான அளவுகோல்ல வச்சுது. இல்லைங்கறதைவிட ஆமாங்கறதுக்கே வாய்ப்பு அதிகம்னு காட்டணும். பாஸ் மார்க்கை ஏத்திட்டாங்கன்னு வச்சுக்குங்களேன்.

சரி, கே-ன்னு நம்பிட்டாங்க. ஜெயிச்சாச்சா? இலங்கைக்காரங்களுக்கு இன்னும் இல்லை.

இலங்கை தண்டனைச் சட்டத்துல 365, 365 ஏ. 1883-ல் பிரிட்டிஷ்காரங்க எழுதி வச்சுட்டுப் போனது. நம்ம 377-க்குச் சித்தப்பா மகன். (சட்டத்தை எழுதிக் கொடுத்ததும் அவங்கதான், அதுக்குப் பயந்து ஓடி வந்தா கேள்வி கேட்கிறதும் அவங்கதான்!) இங்க 377-லிருந்து நம்ம உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் விடுதலை கொடுத்துச்சு. இலங்கையில 1995-ல் திருத்தினப்போ இறுக்கினாங்க, பெண்களையும் சேர்த்து! 2022-ல் ஐ.நா. பெண்கள் உரிமைக் குழு அந்தச் சட்டத்தைக் கண்டிச்சுது. நீக்கறதுக்கு வந்த தனிநபர் மசோதா அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லைன்னு அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே 2023-ல் சொல்லுச்சு. ஆனா மசோதா சட்டமாகறதுக்குள்ள 2024-ல் நாடாளுமன்றம் கலைஞ்சிடுச்சு.

2015-ல் எல்.ஹெச்., ஐ.பி.ன்னு ரெண்டு பேர் கேஸ்ல பிரிட்டன் மேல் தீர்ப்பாயம் இலங்கை பத்தி ஒரு வழிகாட்டித் தீர்ப்பு கொடுத்துச்சு. வழிகாட்டின்னா, அப்புறம் வர்ற நீதிபதிகள் வலுவான காரணமில்லாம மீற முடியாது. அதுல சொன்னது: இலங்கையில தன்பாலீர்ப்பாளர்கள் ஒரு சமூகக் குழுதான். ஆனா பொதுவா கே ஆண்கள் நடத்தப்படற விதம் 'துன்புறுத்தல்'ங்கற அளவுக்குப் போகலை. சொந்த ஊர்ல ஆபத்துன்னா கொழும்பு மாதிரி இடத்துக்கு மாறிப் போகலாம். அதுக்கு முந்தின வருஷம் இந்தியா பத்தி வந்த தீர்ப்பும் ஏறக்குறைய இதே ராகம்தான், பெரிய நகரத்துக்குப் போய்ப் பிழைச்சுக்கலாம்னு.

கொழும்புன்னு சொல்றது ஈஸி. யாழ்ப்பாணத்துல இருந்து கொழும்பு போற தமிழ்ப் பையன் எங்க தங்குவான்? வெள்ளவத்தையில சித்தி வீட்டுல! அந்தச் சித்திக்கு ஒரே ஒரு போன் போதும், ஊருக்குத் தெரிய. சிங்களம் சரளமா வராட்டி வேற ஏரியாவுல ரூமும் வேலையும் பிடிக்கிறது எவ்வளவு கஷ்டம்? என்னைக் கேட்டா, அந்தத் தீர்ப்பு 'பொதுவா'ன்னு ஆரம்பிக்கிற இடத்துலதான் மேல்முறையீடு பண்றவருக்கு இடமிருக்கு. 'பொதுவா இருக்கட்டும் சார், என் கதையைப் பாருங்க. என் அண்ணன் யார், என்னைப் பிடிச்ச ஸ்டேஷன் எது, கொழும்புல என்னைத் தேடி வரக் கூடியவங்க யார் யார்'னு ஆள், இடம், தேதியோட வைக்கணும். கஷ்டமான வழி. ஆனா வழி.

உங்களுக்கு இதுல என்ன வேலைன்னு கேட்கறீங்களா? இருக்கு.

எம்.எஸ். பண்ணவோ வேலைக்கோ வெளிநாடு போன உங்க செட்ல ஒருத்தன் ஒரு ராத்திரி மெசேஜ் பண்ணலாம். அல்லது ஒருத்தி. 'மச்சி, கேஸ் ரிஜெக்ட் ஆயிடுச்சு. உனக்குத்தான் அப்பவே தெரியுமே. ஒரு லெட்டர் எழுதித் தர்றியா?' ஹாஸ்டல் மொட்டை மாடியில மூணாவது வருஷம் உங்ககிட்ட மட்டும் சொன்னவன் அவன். இந்த மாதிரி கேஸ்ல அப்படிப்பட்ட ஃப்ரெண்டோட சாட்சிக் கடிதம் நிஜமாவே ஆதாரம்.

நாம் எழுதற வழக்கப்படி 'இவர் எனக்கு நன்கு தெரிந்தவர், ஒழுக்கமானவர்'னு எழுதினா கோர்ட்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கேரக்டர் சர்ட்டிஃபிகேட் யாரும் கேட்கலை. எந்த வருஷம், எந்த இடம், அவன் என்ன சொன்னான், எப்படிச் சொன்னான்னு எழுதுங்க. அதுக்கு முன்னாடி ராகிங்ல அவனை என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு எழுதுங்க. அவன் வீட்டுக்குத் தெரிஞ்ச அன்னிக்கு உங்களுக்கு எத்தனை மணிக்குப் போன் வந்துச்சு, காயம் எங்க இருந்துச்சு, நீங்க பார்த்தீங்களா இல்லை கேள்விப்பட்டீங்களா, அதைப் பிரிச்சு எழுதுங்க. தெரியாததைத் தெரியும்னு எழுதாதீங்க. ஒரு பொய் மாட்டினா அவனோட நிஜம் மொத்தமும் போயிடும். ஐ.டி. காப்பி வைக்கச் சொல்லுவாங்க, வைங்க. அவன் சொன்னதும் நீங்க ரெண்டு மாசம் அவன்கூடப் பேசாம இருந்திருந்தா, மெஸ்ல டேபிள் மாறி உட்கார்ந்திருந்தா, அதையும் எழுதுங்க.

14 நாள்ல ரெண்டு நாள் ஏற்கெனவே போயிருக்கும். இன்னிக்கே எழுதி அனுப்புங்க.